பற்றறியில் இன்னும் எவ்வளவு கிடக்கு?

எங்கட வீடுகளில் தொண்ணூறுகளைப் பற்றிக் கேட்டால் எல்லாரிட்டயும் ஒரு சைக்கிள் கதை இருக்கும். சைக்கிளைத் தலைகீழாகக் கவிட்டு, பின்சில்லில் டைனமோவை முட்டக் கொடுத்து, ஒராள் கையால் பெடலைச் சுத்த, மற்றவை ரேடியோவைச் சுத்தி இருந்து செய்தி கேட்ட கதை. 1990 யூனில் சண்டை திரும்பத் தொடங்கின பிறகு குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோனது. பொருளாதாரத் தடையில் வரக்கூடாத சாமான்களின் பட்டியலில் பற்றறியும் இருந்தது. ஒரு சோடி ரோச் பற்றறி வைத்திருந்தவர் அந்த நேரம் வசதியான ஆள்.

சைக்கிள் டைனமோ 6 வோல்ற், 3 வாற்று. அது தருவது ஆடலோட்டம், ரேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். ஆகவே இடையில் டயோட்டும் கப்பாசிற்றரும் போட்டு ஒட்டத் தெரிந்த ஒரு பெடியன் ஊரில் இருந்தான். சுத்துகிறவர் களைத்தால் செய்தி வாசிக்கிறவரின் குரலும் அமிழும். "சுத்தடா, செய்தி போகுது" எண்டு சத்தம் வரும், கை வேகமாகும், குரல் திரும்ப ஏறும். இந்தக் காட்சியை நாங்கள் பல தடவை கேட்டுச் சிரித்திருக்கிறோம். ஆனால் இந்தக் கட்டுரை டைனமோவைப் பற்றியது இல்லை. அதே கதைகளில் ஓரமாக வந்துபோகும் இன்னொரு விசயத்தைப் பற்றியது: செத்த பற்றறியை வெயிலில் காயவைக்கிறது.

முடிந்துபோன ரோச் பற்றறியை எறியமாட்டினமாம். முற்றத்தில் வெயிலில் வைப்பினம், சிலர் சுடுதண்ணியில் போடுவினம், சிலர் ஆணியால் துளைத்து உப்புத்தண்ணி விடுவினம். பின்னேரம் எடுத்துப் போட்டால் ரேடியோ கொஞ்ச நேரம் பாடும். பிறகு குரல் இழுக்கத் தொடங்கும். கசற் பிளேயர் எண்டால் இன்னும் தெளிவு: பாட்டு இழுபட்டு, பெண் குரல் ஆண் குரலாகும். "இன்னும் ரெண்டு பாட்டுக்குக் காணும்" எண்டு சொல்லக்கூடிய காது அந்தத் தலைமுறைக்கு இருந்தது.

வெயில் என்ன செய்தது? ரோச் பற்றறி 1866 இல் லெக்லாஞ்சே செய்த கலத்தின் வழிவந்தது. வெளியில் நாகம், அதாவது சிங்க் தகடு. நடுவில் காபன் கோல். கோலைச் சுற்றி மங்கனீசு ஈரொட்சைட்டு. இடையில் ஈரப் பசை. மின்னோட்டத்தை இழுக்க இழுக்கத் தாக்கம் நடக்கும் இடத்தில் வேண்டிய அயன்கள் குறையும், கழிவு தேங்கும். அயன்கள் பசைக்குள்ளால் பரவி வரவேண்டும், அந்தப் பரவல் மெதுவானது. கலத்துக்குள் இன்னும் சரக்கு கிடக்கும், ஆனால் வேண்டிய இடத்தில் இராது. வோல்ற்றளவு விழும், நாங்கள் "செத்துப்போச்சு" எண்டு சொல்லுவோம். ஆறவிட்டால் பரவல் நடந்து சமநிலை வரும். சூடாக்கினால் அது விரைவாக நடக்கும். வெயில் புதிதாக மின்னேற்றம் ஒன்றும் கொடுக்கவில்லை. உள்ளே ஏற்கெனவே இருந்ததை வாசலுக்குக் கொண்டுவந்தது, அவ்வளவுதான்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு எங்களுக்கு ஒரு கேள்வி பிடிபட்டது. பற்றறியின் வோல்ற்றளவைப் பார்த்து "எவ்வளவு மிச்சம்" எண்டு சொல்ல முடியாது. ஆறின பற்றறி பொய் சொல்லும், களைத்த பற்றறியும் பொய் சொல்லும். அப்ப உண்மையை எப்படி அறிவது? அதுவும் உடனே, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே?

முதலில் ஈய அமிலப் பற்றறியில் இதுக்கு ஒரு நல்ல பதில் இருந்தது. 1859 இல் பிளாந்தே என்ற பிரெஞ்சுக்காரர் செய்த அந்த வகையில், மின்னேற்றம் குறையக் குறைய சல்பூரிக் அமிலமே தாக்கத்தில் செலவாகித் தண்ணீர் கூடும். ஆகவே அமிலத்தின் அடர்த்தியை அளந்தால் போதும். பற்றறிக் கடைகளில் ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாயை மூடிக்குள் விட்டு உறிஞ்சி, உள்ளே மிதக்கும் கோலைப் பார்ப்பார்களே, அதுதான். 1.26, 1.28 எண்டு காட்டினால் நிறைய இருக்கு, 1.12 பக்கம் வந்தால் முடிஞ்சுது. நேர்மையான அளவை, ஆனால் பிந்திய அளவை. சார்ஜ் பண்ணி முடிந்த கையோடு பார்த்தால் அமிலம் சரியாகக் கலந்திருக்காது, ஆறவிடவேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் பற்றறியில், ஒவ்வொரு செக்கனும், ஒருத்தரும் குழாயோடு நிக்கேலாது.

அடுத்தது கணக்கு. 1897 இல் ஜேர்மனியில் பொய்கேர்ட் என்பவர், ஈய அமிலப் பற்றறியை வேகமாக இழுத்தால் அது தரும் மொத்தமும் குறைகிறது என்பதை ஒரு சின்னச் சமன்பாடாக எழுதினார். 100 அம்பியர்மணி எண்டு எழுதியிருக்கும் பற்றறியை 5 அம்பியரில் இழுத்தால் 20 மணித்தியாலம் ஓடும். 20 அம்பியரில் இழுத்தால் 5 மணித்தியாலம் எண்டுதான் மனம் சொல்லும். பொய்கேர்ட்டின் அடுக்கை 1.2 எண்டு வைத்துப் பார்த்தால் 3 மணி 47 நிமிடம்தான் வரும். ஒரு வரிக் கணக்கு, ஒரு நொடியில் பதில். ஆனால் நடுவில் ஆறவிட்டால் என்ன நடக்கும், வெக்கை கூடினால் என்ன நடக்கும், ஓட்டம் ஏறி இறங்கினால் என்ன நடக்கும் எண்டு அது வாயே திறக்காது.

1965 இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தில் ஷெப்பேர்ட் எழுதிய சமன்பாடு கொஞ்சம் மேலே போனது. வோல்ற்றளவு எப்படி இறங்கும் எண்டு வளைகோடாகவே தந்தது. அதுக்குப் பிறகு சமவலுச் சுற்றுகள் வந்தன. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு இது பழைய சினேகிதம்: ஒரு மின்னியக்க விசை, தொடராக ஒரு அகத்தடை. அதோடு ஒரு தடையும் கப்பாசிற்றரும் சமாந்தரமாகச் சேர்த்தால், ஆறவிட்ட பற்றறியின் வோல்ற்றளவு மெதுவாக ஏறுவதையும் பாவனை பண்ணலாம். எங்கட முற்றத்து வெயிலில் நடந்ததை இரண்டு உதிரிப்பாகங்களால் நடித்துக் காட்டுகிறது. உள்ளே அயன் எங்க போகுது எண்டு அந்தச் சுற்றுக்குத் தெரியாது. தெரியாமலே பெரும்பாலான நேரம் சரியாகச் சொல்லும். இன்றைக்கும் மின்வாகனங்களின் பற்றறிப் பெட்டிக்குள் இருக்கிற சின்னச் சிப்பில் பெரும்பாலும் ஓடுவது இதன் பிள்ளைகள்தான்.

1991 இல் சோனி லித்தியம் அயன் பற்றறியைச் சந்தைக்கு விட்டது. 1993 இல் கலிபோர்னியாவின் பேர்க்லியில் டோயல், ஃபுல்லர், நியூமன் மூவரும் லித்தியம் கலத்தை உள்ளிருந்தே விபரிக்கும் மாதிரியை வெளியிட்டார்கள். மின்வாயைப் பல கோளத் துகள்களாக நினை. ஒவ்வொரு துகளுக்குள்ளும் லித்தியம் மேற்பரப்பிலிருந்து நடுவுக்குப் பரவுகிறது. துகள்களுக்கு இடையில் திரவத்துக்குள்ளால் அயன்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு மேற்பரப்பிலும் தாக்கம் நடக்கிறது. இவ்வளவையும் பகுதி வகையீட்டுச் சமன்பாடுகளாக எழுதி ஒன்றாகத் தீர்க்கவேண்டும். அதே ஆண்டு இங்கே வெயிலில் பற்றறி காய்ந்துகொண்டிருந்தது. இதைச் சொல்லும்போது எங்களுக்குக் கோபம்தான் வருகிறது. ரெண்டு இடத்திலும் ஆக்கள் தலையை உடைத்தது ஒரே விசயத்தோடுதான், பரவலோடு.

அந்த மாதிரி அழகானது, ஆனால் பாரமானது. கணினியில் தீர்க்கவேண்டுமெண்டால் ஒவ்வொரு கோளத்தையும் வெங்காயத் தோல்போலப் பல படைகளாகப் பிரிக்கவேண்டும், மின்வாயின் தடிப்பு முழுக்க அப்படிப் பல கோளங்களை அடுக்கவேண்டும். சேர்த்துப் பார்த்தால் ஒரு கலத்துக்கே ஆயிரக்கணக்கில் சமன்பாடுகள். ஆய்வுகூடத்தில் இருந்து பார்க்கலாம். வாகனத்தில் பிறேக் பிடிக்கிற நொடிக்குள் பார்க்கேலாது.

கதை காரைக்குடிப் பக்கம் திரும்புவது இந்த இடத்தில். அங்கே மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் காணியும் 15 லட்சம் ரூபாவும் கொடுக்க, 1948 யூலையில் நேரு அடிக்கல் வைத்து, 1953 தைப்பொங்கல் நேரத்தில் திறந்த இடம். அங்கே மின்வேதிப் பொறியியல் படித்து 1997 இல் வெளியே வந்த வெங்கட் சுப்பிரமணியன் அமெரிக்காவுக்குப் போய், இந்தப் பாரமான மாதிரியை எப்படி இலேசாக்குவது என்பதையே பல வருட வேலையாக எடுத்துக்கொண்டார். 2007 இல் அவரும் கூட்டாளிகளும் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே "நிகழ்நேர" என்ற சொல் இருக்கிறது. பௌதிகத்தைக் கைவிடாமல் கணிப்பை மில்லிசெக்கன் அளவுக்குக் கொண்டுவருவதுதான் நோக்கம்.

அவர்களது குழு பயன்படுத்திய வழிகளில் ஒன்று எங்களுக்கு மிகவும் பிடித்தது. கோளத்தைப் படைபடையாக வெட்டாதே. உள்ளே லித்தியத்தின் செறிவு நடுவிலிருந்து மேற்பரப்பு வரை ஒரு பரவளைவுபோல வளைந்திருக்கு எண்டு எடுத்துக்கொள். அப்ப சராசரிச் செறிவு எவ்வளவு, மேற்பரப்பில் எவ்வளவு, இந்த ரெண்டும் தெரிந்தாலே வளைவு முழுக்கத் தெரியும். பத்து, இருபது படைக்குப் பதிலாக ரெண்டு எண். மெதுவாக, சீராக இழுக்கும்போது உண்மையிலேயே வளைவு அப்படித்தான் இருக்கும், ஒருத்தரும் பிழை பிடிக்கேலாது. திடீரெனப் பெரிய ஓட்டத்தை இழுத்தால் முதல் சில கணங்களுக்கு மாற்றம் துகளின் தோலில் மட்டும் நடக்கும், நடுப்பகுதிக்குச் செய்தியே போயிராது. பரவளைவு அந்த நேரம் பிழைக்கும். அதனால்தான் பின்னால் இன்னும் உயர்ந்த படிப் பல்லுறுப்பிகளும் வேறு உத்திகளும் சேர்ந்தன. எங்கே எளிமைப்படுத்தினோமோ அங்கேதான் பிழை வரும் எண்டு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது பாருங்கோ, அதுதான் இந்த வேலையின் தரம். கண்ணை மூடிக்கொண்டு வெட்டினவர்களுக்கு அது தெரியாது.

இன்னொரு வழி, மாதிரி கொஞ்சம் பிழைக்கும் எண்டதை ஒத்துக்கொண்டு, அளவையைப் பார்த்துப் பார்த்துத் திருத்துகிறது. ருடோல்ஃப் கல்மன் 1960 இல் எழுதிய வடிகட்டி முறை, அப்பலோ விண்கலத்தின் வழிகாட்டலில் ஓடியது. அதைக் கொலராடோவில் கிரெகரி பிளெற் 2004 இல் பற்றறிக்குக் கொண்டுவந்தார். மாதிரி ஒரு வோல்ற்றளவை எதிர்பார்க்கும், மீற்றர் இன்னொன்றைக் காட்டும். ரெண்டில் எதை எவ்வளவு நம்புவது எண்டு ஒவ்வொரு செக்கனும் நிறுத்துப் பார்த்து மதிப்பீட்டை நகர்த்தும். "சுத்தடா, செய்தி போகுது" எண்டது இதே வேலைதான். காது மீற்றர், கை திருத்தம்.

இது ஏன் வேண்டும்? உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எண்ணிக் கழித்தால் மிச்சம் வராதோ? வரும், மீற்றர் பிழையில்லாமல் இருந்தால். ஓட்டமானி 0.1 அம்பியர் தவறாகக் காட்டினால் ஒரு நாளில் 2.4 அம்பியர்மணி, பத்து நாளில் 24. நூறு அம்பியர்மணிப் பற்றறியில் கால்வாசி காணாமல் போய்விடும், அல்லது இல்லாதது இருக்கிற மாதிரிக் காட்டும். வோல்ற்றளவை வைத்துத் திருத்துவோம் எண்டால், இப்ப வீடுகளுக்கும் பெரிய சேமிப்புகளுக்கும் கூடுதலாக வருகிற லித்தியம் இரும்புப் பொஸ்பேற் கலம் அதற்கும் வழிவிடாது. 80 வீதத்திலிருந்து 20 வீதம் வரை இறங்கும்போது அதன் வோல்ற்றளவு 3.3 ஐ ஒட்டியே கிடக்கும், 0.1 வோல்ற்கூட அசையாது. ஒரு சில மில்லிவோல்ற் பிழைத்தாலே கணக்கு எங்கேயோ போய்விடும்.

2022 இல் நாடு முழுக்கக் கறண்ட் கட், மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது நினைவிருக்கும். எங்களில் ஒரு வீட்டில் அந்த நேரம் வாங்கின இன்வேற்றர் ஒன்று இருந்தது. திரையில் 58 வீதம் காட்டிக்கொண்டே அணைந்தது. மாணவி ஒன்லைன் பரீட்சையில் இருந்தாள். கடைக்காரர் "பற்றறி பழுது" எண்டார், பிறகு வந்தவர் "பற்றறி நல்லம், கணக்குத்தான் பழுது" எண்டார். ரெண்டாவது ஆள்தான் சரி. ஒரு தடவை முழுதாக நிரப்பி, எண்ணிக்கையைப் புதிதாகத் தொடங்கவிட்டதும் சரியானது. அந்தப் பரீட்சை திரும்ப வரவில்லை.

வீட்டில் பிழைத்தால் ஒரு பரீட்சை. ஒரு தீவே பற்றறியை நம்பி இருந்தால்?

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்வலையமைப்போடு இணைக்கப்படாதவை. டீசல் எஞ்சின்களில் ஓடுகிற ஊர்கள், அந்த டீசலும் கடல் கடந்துதான் போகவேண்டும். இங்கே சூரியமின், காற்று, பற்றறி, டீசல் நாலையும் சேர்த்த கலப்புத் தொகுதி அமைக்கும் திட்டத்தின் கதை பலருக்குத் தெரியும், ஆனால் அரசியல் பாதி மட்டும். 2021 தை மாதம் ஆசிய அபிவிருத்தி வங்கி நிதியில் ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்குக் கொடுக்க முடிவானது. இந்தியா எதிர்த்தது. அந்த ஆண்டு மார்கழியில், மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலையைக் காரணம் காட்டித் திட்டம் இடைநிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியா மானியத்துக்கு உடன்பாடு செய்தது, 1.1 கோடி டொலர். 2024 மார்ச்சில் பெங்களூரின் யூ சோலார் நிறுவனத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. மூன்று தீவுக்கும் சேர்த்துச் சூரியமின் 1,700 கிலோவாற்று, காற்று 530 கிலோவாற்று, பற்றறி 2,400 கிலோவாற்றுமணி, துணைக்கு டீசல் 2,500 கிலோவாற்று.

ஆர் கட்டுறது எண்டு மூன்று வருடம் பத்திரிகைகளில் எழுதினார்கள். பற்றறி எப்படி யோசிக்கப்போகுது எண்டு ஒருத்தரும் எழுதவில்லை. நாங்களும்தான்.

யோசித்துப் பாருங்கோ. மத்தியானம் ஒரு முகில் வந்து மூடினால் சூரியமின் சில செக்கனில் பாதியாகிவிடும். சோளகம் வீசும் மாதங்களில் காற்று நல்லாக உழைக்கும், ஆனால் அது சீராக வீசாது. டீசல் எஞ்சினைத் தட்டியெழுப்பி, மற்றதோடு ஒத்திசையவைத்துப் பாரத்தைக் கொடுக்கப் பத்து செக்கனோ அதுக்கு மேலோ பிடிக்கும். அந்த இடைவெளியைத் தாங்குவது பற்றறிதான். தாங்குமா எண்டு முன்கூட்டியே சொல்லவேண்டியது அதன் மாதிரி. ஒரு வேகத்தில் இயங்கும் ஒரே மாதிரியால் இது முடியாது. இன்வேற்றர் மில்லிசெக்கனில் முடிவெடுக்கும், அதற்கு மிக எளிய கணக்குப் போதும். அடுத்த பத்து நிமிடத்துக்கு எவ்வளவு வலு தரமுடியும் எண்டதற்குக் கொஞ்சம் ஆழமான மாதிரி வேண்டும். இரவுக்கு எவ்வளவு மிச்சம் வைப்பது, கலங்கள் எவ்வளவு முதிர்ந்துவிட்டன என்பதை ஆறுதலாக, பாரமான மாதிரியில் பார்க்கலாம், அங்கே அவசரமில்லை. கலங்களின் எண்ணிக்கையையும் மறக்கக்கூடாது. 2,400 கிலோவாற்றுமணியை இன்று பரவலாக வரும் 280 அம்பியர்மணி இரும்புப் பொஸ்பேற் கலங்களால் கட்டினால் கிட்டத்தட்ட 2,700 கலம் வரும். 2,700 வெங்காயத்தை ஒவ்வொரு செக்கனும் உரிக்க ஏலுமோ?

பிழை இரண்டு பக்கமும் காசு கேட்கும். இருக்கிறதைவிடக் கூட இருக்கு எண்டு மாதிரி நம்பினால் ஒரு இரவு தீவு இருளும். ஆஸ்பத்திரிக் குளிர்சாதனப் பெட்டியும் அதில் அடக்கம். இருக்கிறதைவிடக் குறைய இருக்கு எண்டு பயந்தால் தேவையில்லாமல் டீசல் ஓடும், படகில் வந்த எண்ணெய் புகையாகும். எண்ணெய் என்ன செய்யும் எண்டு சுன்னாகத்து நிலத்தடித் தண்ணீரைக் குடித்த எங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. பெரும்பாலான தொகுதிகள் இரண்டாவது பக்கம் சாய்வது வழமை, பயந்த கணக்கைத் தருவது இலகு. எங்கட அபிப்பிராயம், டீசல் எஞ்சின் பக்கத்தில் நிக்கிற வரைக்கும் ஒருத்தருக்கும் நல்ல மாதிரி எழுத ஆசை வராது.

இது தீவுகளின் பாடு மட்டுமில்லை. 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிறு, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடே இருண்டது. குரங்கைப் பற்றிச் சிரித்து முடிந்த பிறகுதான், பாரம் குறைந்த, சூரியமின் கூடின ஒரு மத்தியானத்தில் வலையமைப்பு எவ்வளவு நொய்தாக இருந்தது எண்டு கதைத்தார்கள். அந்த ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சூரியமின் வைத்திருப்போரைப் பகலில் நிறுத்திவைக்கச் சொல்லி மின்சார சபை கேட்டது. வெயிலைக் கொட்டிவிட்டுப் போகிற நாட்டுக்குப் பற்றறி வரத்தான் போகுது. வரும்போது அதன் கணக்கும் வரும், பூட்டிய பெட்டிக்குள்.

பூட்டுத்தான் எங்களுக்குப் பயம். மாதிரி எவ்வளவு நல்லதெண்டாலும் அதற்குள் இருக்கும் எண்கள் கலம் புதிதாக இருந்தபோது ஏதோ ஒரு ஆய்வுகூடத்தில் எடுத்தவை. நெடுந்தீவின் வெக்கையில் ஐந்து வருடம் இருந்த கலத்தின் அகத்தடை வேறு, கொள்ளளவு வேறு. எண்களைத் திரும்ப எடுத்து மாற்ற ஆள் வேண்டும், மாற்ற அனுமதியும் வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. தீவுக்கும் அதற்கும் இடையில் ஒரு படகும் ஒரு பஸ்ஸும்தான்.

பழகுவதற்குப் பெரிய செலவும் இல்லை. பைபாம் எண்டொரு திறந்த மென்பொருள், பிரித்தானியாவில் தொடங்கியது, இலவசம். எங்களில் ஒருவரின் பழைய லப்ரொப்பில் அதைப் போட்டு, 1993 இன் முழு மாதிரியையும், ஒவ்வொரு மின்வாயையும் ஒரே ஒரு துகளாக எடுக்கும் எளிய மாதிரியையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்த்தோம். பத்து மணித்தியாலத்தில் முடியும் வேகத்தில் இழுத்தபோது ரெண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. இருபது நிமிடத்தில் முடியும் வேகத்தில் இழுத்தபோது எளிய மாதிரி இன்னும் இருக்கு எண்டது, முழு மாதிரி அதற்கு முதலே முடிஞ்சுது எண்டது. பிறகு இழுப்பதை நிறுத்தி ஆறவிட்டோம், முழு மாதிரியின் கோடு மெல்ல மேலே ஏறியது.

பின்னால் நிண்டு பார்த்துக்கொண்டிருந்த அப்பா ஒருவர், "வெயிலில வைச்சனீங்களோ?" எண்டு கேட்டார்.

வெப்பநிலையை 25 இலிருந்து 40 ஆக்கி ஓட்டிக் காட்டினோம். கோடு இன்னும் விரைவாக ஏறியது. அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விகளில் பாதிக்கு எங்களிடம் பதில் இல்லை; அதில் முதலாவது, நெடுந்தீவில் பின்னேரம் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை எவ்வளவு மின்சாரம் பாவிக்கினம் எண்டது. அந்தத் தரவு கைக்கு வந்தால் அடுத்த கட்டுரை அதுதான்.